பணிப் பாதுகாப்பு, வேலை நேரம், சலுகைகள்: மூன்று வேலைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

வைகறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தின் டெஸ்டிங் பிரிவில் பணிபுரிகிறேன். ஐந்தாண்டு நிறைவடையச் சில மாதங்களே இருக்கின்றன. பிடித்தம் போக மாதம் 62,000 ரூபாய் கைக்கு வருகிறது. எங்கள் புராஜெக்ட் விரைவில் முடிகிறது; அதன்பின் வேலை ஒதுக்காமல் பெஞ்சில் உட்கார வைப்பார்களா, வேறு ஊருக்கு அனுப்புவார்களா, ராஜினாமா செய்யச் சொல்வார்களா என்பது எங்கள் மேலாளருக்கே தெரியவில்லை. ஆகவே நானாகவே வேலை தேடினேன்.

இப்போது மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. முதலாவது, தரமணியில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் அலுவலகம். கைக்கு 90,000 ரூபாய் வரும். பிற்பகல் 1.30 முதல் இரவு 10.30 வரை வேலை. சனி, ஞாயிறு விடுமுறை. போக வர கேப், இரண்டு வேளை உணவு, உடற்பயிற்சிக் கூடம், பெற்றோரையும் சேர்த்து மருத்துவக் காப்பீடு ஆகியவை உண்டு. இரண்டாவது, ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடல் மென்பொருளைப் பராமரிக்கும் பணி. கைக்கு 68,000 ரூபாய். காலை 8.30 முதல் மாலை 5.30 வரை ஜெனரல் ஷிப்ட். ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை வேலை உண்டு. தாம்பரத்திலிருந்து நிறுவனப் பேருந்தும், கேன்டீனும் இருக்கின்றன. மூன்றாவது, குரூப் 4 தேர்வில் தேர்ச்சி பெற்றுச் சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்து கலந்தாய்வுக்குக் காத்திருக்கிறேன். இளநிலை உதவியாளர் பணியிடம் கிடைக்கும் என்றே நினைக்கிறேன். எந்தத் துறை, எந்த மாவட்டம் என்பது என் முறை வரும்போது என்ன மீதமிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கணவர் தாம்பரத்தில் தனியார் பள்ளி ஆசிரியர். இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். மன்னார்குடியில் இருக்கும் என் தந்தைக்கு இதய நோய். மருத்துவச் செலவில் பெரும்பகுதியை நான்தான் பார்க்கிறேன். வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள். இந்த நிலையில் இருந்தவர்களும், சட்டம் அறிந்தவர்களும் எதை முதலில் பார்ப்பீர்கள் என்று சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நடுக்காவேரி எழுதியது:

வணக்கம் அம்மா. தொழிலாளர் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பணிப் பாதுகாப்பைப் பற்றி முதலில் சொல்கிறேன். மற்ற இரண்டையும் அனுபவத்தில் இருப்பவர்கள் சொல்லட்டும்.

தனியார் வேலை என்றாலே பாதுகாப்பு இல்லை என்றும், அரசு வேலை என்றாலே பாதுகாப்பு என்றும் பொதுவாகப் பேசிவிடுகிறோம். உங்கள் கையில் இருக்கும் காகிதம் என்ன சொல்கிறது என்பதுதான் முதலில் பார்க்கவேண்டியது. தரமணி, ஒரகடம் ஆகிய இரு இடங்களின் பணி நியமனக் கடிதங்களிலும் நான்கு செய்திகளைத் தேடுங்கள். நீங்கள் அந்த நிறுவனத்தின் நேரடி ஊழியரா, தேர்ட் பார்ட்டி பேரோலில், அதாவது வேறொரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவரா? நிரந்தரப் பணியா, குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தமா? தகுதிகாண் காலம் எவ்வளவு, அதை எத்தனை முறை நீட்டிக்கலாம்? பணியிலிருந்து விடுவிக்க அவர்கள் எத்தனை நாள் நோட்டீஸ் தரவேண்டும், நீங்கள் எத்தனை நாள் தரவேண்டும்? ஊழியர் 90 நாள் தரவேண்டும், நிறுவனம் 30 நாள் தந்தால் போதும் என்று எழுதியிருக்கும் கடிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் அதைச் சுட்டிக்காட்டிச் சமமாக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கான நேரம் கையெழுத்திடுவதற்கு முன்புதான்.

குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தம் என்றால், காலம் முடிந்து அனுப்புவதைச் சட்டம் ஆட்குறைப்பாகக் கருதாது. தொழிலாளர் என்ற வரையறைக்குள் வரும் நிரந்தரப் பணியாளரை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத நோட்டீசும், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் தரவேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்த அளவு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் அப்படியே தொடர்கிறது. ஆனால் முன்பு 100 பேரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள தொழிற்சாலை ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெறவேண்டும் என்று இருந்தது. இப்போது அந்த எண்ணிக்கை 300 ஆகிவிட்டது. எனவே ஒரகடம் ஆலையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்பதும் பாதுகாப்பைப் பற்றிய கேள்விதான்.

மென்பொருள் பணியாளருக்குச் சட்டமே இல்லை என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியன்று. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆவது பிரிவின்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து பணிபுரிந்த ஒருவரை நியாயமான காரணமின்றியும், ஒரு மாத நோட்டீசோ அதற்கான ஊதியமோ இன்றியும் நீக்க முடியாது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. மென்பொருள் நிறுவன ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்பதை 2016-இல் தமிழக அரசே தெளிவுபடுத்தியது. இவை இருந்தும் மனிதவளத் துறையினர் ஓர் அறைக்குள் அழைத்து, "நீங்களாக ராஜினாமா கொடுத்துவிடுங்கள், நல்ல ரிலீவிங் லெட்டர் தருகிறோம்" என்று சொன்னதும் பிள்ளைகள் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். தானாக விலகியவருக்கு மேற்சொன்ன எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஸ்டோர்கீப்பர் எழுதியது:

நான் ஒரகடம் பகுதியில்தான் வேலை பார்க்கிறேன். பெரியவர் சொன்ன சட்டம் உண்மைதான். ஆனால் ஆலையே மூடினால் என்ன ஆகும் என்பதையும் இந்தப் பகுதி பார்த்திருக்கிறது. திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த இடம் அது. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது; மறைமலைநகர் ஆலையில் 2022 ஜூலையில் உற்பத்தி நின்றது. இழப்பீட்டுத் தொகை பல மாதப் பேச்சுவார்த்தைக்கும் போராட்டத்துக்கும் பிறகே முடிவானது. நிரந்தரத் தொழிலாளர்களாவது பேச்சுவார்த்தை மேசையில் இடம்பெற்றார்கள். அந்த ஆலையை நம்பியிருந்த உதிரிபாக ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மேசையே கிடையாது.

எனவே சகோதரி கேட்கவேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. அந்த உதிரிபாக ஆலை எத்தனை வாகன நிறுவனங்களுக்குச் சரக்கு அனுப்புகிறது? ஒரே ஒரு நிறுவனத்துக்கு மட்டும் என்றால், அந்த ஒருவர் தும்மினால் இவர்களுக்குக் காய்ச்சல் வரும். நான்கைந்து நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள் என்றால் அச்சம் குறைவு. நேர்முகத் தேர்வில் கேட்கத் தயங்கினால், காலையில் ஆலை வாசலில் நிற்கும் லாரிகளில் ஏறும் டிராலிகளைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். எந்த வாகன நிறுவனத்துக்குப் போகிறது என்று அட்டை ஒட்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்தப் பகுதியில் ஓர் ஆலையில் உற்பத்தித் திட்டமிடல் மென்பொருளைப் பார்த்துக்கொண்டவர், அடுத்த ஆலையிலும் அதையே செய்யலாம். வேலை போனாலும், அதே பேருந்துத் தடத்தில் வேறொரு வாசலில் இறங்கும் வாய்ப்பு உண்டு. என்னைப் பொறுத்தவரை உண்மையான பாதுகாப்பு அதுதான். நிறுவனம் தருகிற உறுதிமொழி அதற்கு அடுத்ததே.

பக்கிங்ஹாம் கால்வாய் எழுதியது:

தரமணி வேலை போன்ற ஒன்றில் நான் இருப்பதால் நேரத்தைப் பற்றி எழுதுகிறேன். நியமனக் கடிதத்தில் உள்ள நேரத்தை விட்டுவிட்டு, வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து திரும்பித் திறப்பது வரைக்குமான நேரத்தைக் கணக்கிடுங்கள்.

தரமணிக்கு நீங்கள் 12.30 மணிக்குக் கேப் ஏறவேண்டியிருக்கும். இரவு 10.30-க்கு வேலை முடிந்தாலும், அந்தத் தடத்தில் போகும் நால்வரும் கீழே வந்து சேர்ந்த பிறகே வண்டி புறப்படும். கடைசியாக இறங்குபவர் பெண் என்றால் பாதுகாவலர் ஒருவர் உடன் வரவேண்டும் என்பது பெரும்பாலான நிறுவனங்களின் விதி. அவருக்காகவும் சில நாள் காத்திருக்கவேண்டும். தாம்பரம் சேர 11.45 ஆகும். நாளொன்றுக்கு 11 மணி 15 நிமிடம். வாரத்துக்கு 56 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரகடத்துக்குக் காலை 7.15-க்குப் பேருந்து என்று வைத்துக்கொள்வோம். மாலை 6.45-க்கு வீடு. நாளொன்றுக்கு பதினொன்றரை மணி நேரம். ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமையையும் சேர்த்தால் வாரத்துக்குச் சராசரியாக 63 மணி நேரம். அரசு அலுவலகம் காலை 10 முதல் 5.45 வரை, பணியிடம் உள்ள ஊரிலேயே குடியிருந்தால் வாரத்துக்கு 44 மணி நேரத்துக்குள் அடங்கும்.

கைக்கு வரும் பணத்தை இந்த நேரத்தால் வகுத்துப் பாருங்கள். தரமணியில் மணிக்கு 370 ரூபாய்க்குப் பக்கம் வரும். ஒரகடத்தில் 250 ரூபாய். அரசுப் பணியில் அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் சேர்த்துப் பிடித்தம் போகத் தொடக்கத்தில் முப்பதாயிரத்தை ஒட்டி வரும் என்றால் மணிக்கு 160 ரூபாய். பகல் ஷிப்ட் என்பதால் ஒரகடம்தான் எளிது என்று தோன்றும். ஆனால் மூன்றிலும் அதிக நேரத்தை எடுத்துக்கொள்வது அதுதான்.

ஆனால் இந்த வகுத்தலோடு நிறுத்திவிட்டால் தவறான இடத்துக்குப் போய்ச் சேருவோம். எல்லா மணி நேரமும் ஒரே மதிப்புடையவை அல்ல. மாலை ஐந்து முதல் ஒன்பது வரை உங்கள் மகள் விழித்திருக்கும் நேரம். காலை பத்து மணியை ஒட்டிய நேரமும் அவளுடையதுதான். உங்கள் கணவர் பள்ளி முடிந்து நான்கரைக்குள் வந்துவிடுவார் என்றால், தரமணி வேலையில் முற்பகல் குழந்தை உங்களிடமும், மாலை அவரிடமும் இருக்கும். பகல் பன்னிரண்டரை முதல் நான்கரை வரைக்கு மட்டும் ஆள் தேவை. ஒரகடத்தில் என்றால் காலை ஏழு மணி முதல் மாலை வரைக்கும் ஆள் வேண்டும். அதாவது குழந்தைக்குத் தரமணியே நல்லது. ஆனால் வார நாட்களில் நீங்களும் கணவரும் விழித்திருக்கும்போது சந்தித்துக்கொள்ளவே மாட்டீர்கள். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் ஒருவர் நேரத்தை மட்டும் தனியே எடைபோட முடியாது.

மற்றொரு விவரம். அமெரிக்காவில் நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அங்குள்ள குழுவுடன் நமக்கு இரவு எட்டு மணிக்கு இருந்த கூட்டம், அன்று முதல் மார்ச் வரை ஒன்பது மணிக்கு மாறும். பத்தரைக்கு முடியவேண்டிய நாள் பதினொன்றரைக்கு முடியும். இதை எவரும் நேர்முகத் தேர்வில் சொல்வதில்லை. கேட்டுவிடுங்கள்.

பசலி எழுதியது:

தங்கை வைகறைக்கு வணக்கம். நான் குரூப் 4 வழியாக வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, இப்போது வருவாய் உதவியாளராக இருக்கிறேன். மேலே ஒருவர் 44 மணி நேரம் என்று கணக்கிட்டிருப்பதைப் படித்தேன். அது துறையைப் பொறுத்தது.

வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆண்டின் சில மாதங்கள் அந்தக் கணக்குக்குள் அடங்காது. பசலி ஆண்டு, அதாவது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு, ஜூன் 30-இல் முடியும். அதையொட்டி ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்குகளைத் தணிக்கைக்குத் தயார் செய்ய, ஒவ்வொரு கிராமத்தின் அடங்கல் என்னும் சாகுபடிக் கணக்கையும் பதிவேடுகளையும் மேசையில் அடுக்கிவைத்துக்கொண்டு, மொத்தம் பொருந்தும் வரைக்கும் உட்கார்ந்திருப்போம். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல், வாக்குச்சாவடிப் பொருட்கள் என்று இரவு வேலை உண்டு. டெல்டா மாவட்டம் கிடைத்தால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்கால இரவுப் பணி முறை உண்டு. மனுக்களைப் பெறும் சிறப்பு முகாம்கள் சனிக்கிழமைகளில் நடக்கும் காலமும் உண்டு. இவற்றுக்குக் கூடுதல் ஊதியம் கிடையாது. இதே தேர்வில் தேர்ச்சி பெற்று வேறு சில துறைகளுக்குச் சென்ற என் தோழியர் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிறார்கள். எனவே கலந்தாய்வில் மாவட்டத்தை மட்டும் பார்க்காமல் துறையையும் பாருங்கள். அதே சமயம், வருவாய்த் துறையில் பதவி உயர்வின் படிகள் துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என்று தெளிவாக இருக்கின்றன. சிறிய துறையில் மேலே இடம் காலியாகும் வரை பல ஆண்டுகள் காத்திருக்க நேரும். துறைத் தேர்வுகளை விரைவில் எழுதி முடிப்பதும் அவசியம்.

அரசுப் பணியின் பாதுகாப்பு பற்றி யாருக்கும் ஐயமில்லை. ஓய்வு வயது 2021 முதல் 60 ஆக இருக்கிறது. மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் ஓராண்டு, முழு ஊதியத்துடன். தனியாரில் 26 வாரம். இரண்டாவது குழந்தை பற்றி யோசனை இருந்தால் இந்த வேறுபாட்டைச் சிறிதாக நினைக்காதீர்கள். தகுதிகாண் காலத்தில் எடுக்கும் மகப்பேறு விடுப்பையும் அந்தக் காலத்தோடு சேர்த்துக்கொள்வதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை, 2003 ஏப்ரல் 1-க்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய திட்டம் பொருந்தாமல் பங்களிப்பு முறை வந்தது. இதில் மாற்றங்கள் பேசப்பட்டுக்கொண்டே இருப்பதால், சேரும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறதோ அதைப் படித்துவிட்டுச் சேருங்கள். அப்பா காலத்து ஓய்வூதியத்தை மனத்தில் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

2022-இல் 7,301 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்த தேர்வு இது. அதைக் கடந்து வந்திருக்கிறீர்கள். அதை எளிதில் கைவிடவேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

உப்பளம் எழுதியது:

சலுகைகளைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். உடற்பயிற்சிக் கூடம், இலவசக் காபி, பிறந்தநாள் கேக் ஆகியவற்றைப் பட்டியலிலிருந்து உடனே அடித்துவிடலாம். இரவு உணவு இலவசம் என்றால், இரவு உணவு நேரத்தில் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்று பொருள். அது வேலை நேரத்தின் ஒரு பகுதியே தவிரச் சலுகை இல்லை. கேப் வசதியும் அப்படித்தான். இரவில் பெண்களைப் பணியில் வைத்துக்கொள்ளும் நிறுவனம் போக்குவரத்து ஏற்பாடு செய்துதர வேண்டும் என்பது நிபந்தனை. கடமையாகச் செய்வதைச் சலுகை என்று எழுதிக் கொடுக்கும்போது நாம் மகிழ வேண்டியதில்லை.

ஆனால் பெற்றோரையும் சேர்க்கும் குழுக் காப்பீடு வேறு வகை. உங்கள் தந்தைக்கு இதய நோய் இருக்கிறது என்கிறீர்கள். அவர் பெயரில் தனியாகக் காப்பீடு எடுக்கப் போனால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைப்பார்கள், அல்லது விண்ணப்பத்தையே மறுப்பார்கள். குழுக் காப்பீடுகளில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே அந்த நோய்க்கும் பாதுகாப்பு உண்டு. என் தாயாருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்தபோது, நான் வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்டரில் என் ஊழியர் எண்ணையும் அவருடைய ஆதாரையும் கொடுத்தேன், அன்று மாலையே முன் அனுமதி வந்தது. அந்த ஒன்று மட்டும் எங்கள் குடும்பத்தைக் கடனிலிருந்து காப்பாற்றியது. அதை மாதச் சம்பளத்தில் எத்தனை ஆயிரமாகக் கணக்கிடுவது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அது சம்பளத்தைவிடப் பெரியது.

தமிழக அரசு ஊழியருக்கும் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஆனால் திருமணமானவருக்கு அதில் கணவன் அல்லது மனைவியும் பிள்ளைகளும்தான் குடும்பம், பெற்றோர் சேரமாட்டார்கள். உங்கள் நிலையில் இது முக்கியம். ஒரகடம் நிறுவனத்தின் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்கலாமா, அதற்கான பிரீமியத்தை யார் கட்டவேண்டும், நோய்வாரியாக உச்சவரம்பு இருக்கிறதா, செலவில் எத்தனை சதவீதத்தை நாம் ஏற்கவேண்டும் என்று கேளுங்கள். வேலையை விட்ட நாளிலேயே இந்தக் காப்பீடு முடிந்துவிடும் என்பதால், வேலை மாறும்போது இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக் காப்பகமும் அப்படித்தான். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் காப்பக வசதி இருக்கவேண்டும் என்பது சட்டம். பல இடங்களில் பூட்டிய அறை ஒன்றைக் காப்பகம் என்று காட்டுவார்கள். நேரில் போய்ப் பாருங்கள். உள்ளே குழந்தைகள் இருக்கிறார்களா, ஆயா இருக்கிறாரா, பேருந்தில் குழந்தையை உடன் அழைத்துவர அனுமதி உண்டா என்று பாருங்கள். காப்பகம் இருந்து, பேருந்தில் அனுமதி இல்லை என்றால் தாம்பரத்துக்காரருக்கு அது இல்லாததற்குச் சமம்.

நடுக்காவேரி எழுதியது:

சகோதரர் உப்பளம் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மகப்பேறு ஊதியம் பெற, அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் அந்த நிறுவனத்தில் குறைந்தது 80 நாள் பணிபுரிந்திருக்க வேண்டும். வேலை மாறும் திட்டமும் குழந்தை பற்றிய திட்டமும் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பணியிலும் பொதுத்துறையிலும் சேர்ந்தால் எப்போது வேண்டுமானாலும் விலகிவிடலாம் என்று எண்ணுபவர்களுக்கும் ஒரு செய்தி. குறைந்தபட்ச பணிக்காலத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்ற நிபந்தனையை, விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று ஏற்றது. பாண்ட் என்றாலே சட்டத்தில் நிற்காது என்ற பொதுப் பேச்சை நம்பிக் கையெழுத்திடாதீர்கள்.

ஸ்டோர்கீப்பர் எழுதியது:

பக்கிங்ஹாம் கால்வாய் அவர்களின் கணக்கில் ஒரு மறுப்பு. பேருந்தில் போகும் இரண்டரை மணி நேரத்தை வேலை நேரத்தோடு முழுமையாகச் சேர்ப்பதை நான் ஏற்கவில்லை. எங்கள் பேருந்தில் துணைத்தேர்வுக்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள், தூங்குபவர்கள் இருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு மூளை களைத்துப்போய்க் கேப்பில் உட்கார்ந்திருப்பதும், மாலை ஆறு மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதும் ஒன்றாகாது. நெடுநாள் இரவுத் தூக்கம் கெட்டால் உடம்பு என்ன ஆகும் என்பதை மணிக்கு 370 ரூபாய் என்ற கணக்கு காட்டாது.

பக்கிங்ஹாம் கால்வாய் எழுதியது:

அந்த மறுப்பு நியாயமானது. பேருந்து நேரத்தில் பாதியைக் கழித்தாலும் ஒரகடம் வாரத்துக்கு 56 மணி நேரத்தில் வந்து நிற்கும். அப்போது இரண்டும் சமம்; வேறுபாடு சம்பளத்திலும் தூக்கத்திலும் மட்டும்தான். ஆனால் அந்தச் சனிக்கிழமையைப் பேசிப் பார்க்கலாம். அவருடைய பணி உற்பத்தி வரிசையில் நிற்கும் பணி அல்லவே. சனிக்கிழமை வீட்டிலிருந்து மென்பொருளைக் கவனிக்க அனுமதி கேட்டால் சில ஆலைகள் இப்போது ஒப்புக்கொள்கின்றன. சம்பளத்தைக் கூட்டிக் கேட்பதைவிட இது எளிதில் கிடைக்கும்.

வைகறை எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. நீங்கள் கேட்கச் சொன்னவற்றை எல்லாம் இரு நிறுவனங்களிடமும் மின்னஞ்சலில் கேட்டேன்.

தரமணி நிறுவனத்தின் கடிதத்தில், பணித் தேவைக்கேற்ப எந்த ஷிப்ட்டுக்கும் மாற்றலாம், அதற்கு ஊழியரின் ஒப்புதல் தேவையில்லை என்று ஒரு வரி இருக்கிறது. மதிய ஷிப்ட்டை ஓராண்டுக்காவது உறுதி செய்ய முடியுமா என்று கேட்டதற்கு, அது மேலாளரின் முடிவு என்று பதில் வந்தது. பக்கிங்ஹாம் கால்வாய் அண்ணா சொன்னபடி மகளின் முற்பகலை நான் வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கே இந்த ஒரு வரியில் அடிபட்டுப்போகிறது. காப்பீடு மட்டும் மிக நன்றாக இருக்கிறது. அதை விட மனம் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரகடத்தில் நேரடி நியமனம், நிரந்தரப் பணி, ஆறு மாதத் தகுதிகாண் காலம். நோட்டீஸ் இரு தரப்புக்கும் 60 நாள். ஐந்து வாகன நிறுவனங்களுக்குச் சரக்கு அனுப்புகிறார்கள். பெற்றோரைக் காப்பீட்டில் சேர்க்கலாம், பிரீமியத்தை நான் கட்டவேண்டும், தந்தையின் நோய்க்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு என்று எழுத்தில் தந்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் மாதத்துக்கு ஒன்றை வீட்டிலிருந்து பார்க்கலாம் என்றார்கள். காப்பகம் இருக்கிறது, ஆனால் பேருந்தில் குழந்தைக்கு அனுமதி இல்லை. அதற்கு மாமியார் எங்களுடன் வந்து தங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போதைய என் எண்ணம் இதுதான். கலந்தாய்வில் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், சென்னை ஆகிய மாவட்டங்களில் வருவாய்த் துறை அல்லாத இடம் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்வேன். சம்பளம் பாதிக்கும் கீழே குறையும் என்பதை அறிந்தே சொல்கிறேன். வீட்டுக் கடன் எங்களுக்கு இல்லை; தந்தையின் மருந்துச் செலவுக்குத் தம்பி பாதி தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். வேறு மாவட்டம்தான் கிடைக்கிறது என்றால், கணவரின் வேலையையும் பெயர்த்துக்கொண்டு போகும் அளவுக்கு எங்களிடம் வலுவில்லை, ஒரகடத்தில் சேர்ந்துவிடுவேன். கலந்தாய்வுக்கு முன்பே ஒரகடம் நிறுவனம் பதில் கேட்டால் என்ன செய்வது என்பதுதான் மீதமுள்ள குழப்பம்.

பசலி எழுதியது:

தங்கையே, அந்த மூன்று மாவட்டங்களிலும் போட்டி அதிகம். முறை வருவதற்கு முன் எந்தத் துறையில் எத்தனை இடம் மீதமிருக்கிறது என்பதைத் திரையில் காட்டுவார்கள். உங்கள் விருப்ப வரிசையை முன்கூட்டியே தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அங்கே யோசிக்க நேரம் கிடைக்காது. வருவாய்த் துறையை முற்றிலும் தள்ளிவிடாமல், செங்கல்பட்டு மாவட்டத்தில் கிடைத்தால் கடைசி விருப்பமாகவாவது வைத்துக்கொள்ளுங்கள். ஜமாபந்தி மாதங்கள் கடினம்தான். மற்ற மாதங்களில் மாலை உங்களுடையது.

நடுக்காவேரி எழுதியது:

அம்மா, கடைசிக் குழப்பத்துக்கு என் பதில். ஒரகடம் நிறுவனத்திடம் கலந்தாய்வு பற்றி மறைக்காமல் சொல்லி, சேரும் நாளைத் தள்ளிக் கேளுங்கள். உங்கள் தற்போதைய நிறுவனத்தின் நோட்டீஸ் காலமே அதற்குப் போதுமான காரணம். அரசு நியமன ஆணை வந்தாலும், சேர அவகாசம் வேண்டி நியமன அலுவலருக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். எந்த ஆணையும் கையில் வராமல் ராஜினாமாக் கடிதம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

ஐந்தாண்டு நிறைவதற்குச் சில மாதமே உள்ளது என்றீர்கள். பணிக்கொடை (கிராஜுவிட்டி) பெற ஐந்தாண்டு தொடர்ந்த பணி வேண்டும். நான்கு ஆண்டு முடிந்து, ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணிபுரிந்திருந்தால் அது போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் பல நிறுவனங்கள் வழக்கு வரும் வரை அதை ஏற்பதில்லை. கணக்கு எளிது. அடிப்படைச் சம்பளம் 26,000 ரூபாய் என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஓராண்டுக்கு 15,000 ரூபாய்; ஐந்தாண்டுக்கு 75,000 ரூபாய். உங்கள் நோட்டீஸ் காலமும் பணிக்காலத்தில் சேரும் என்பதால், ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் நாளைக் குறிப்பதற்கு முன் கடைசி வேலை நாள் எது என்று எண்ணிப் பாருங்கள். நோட்டீஸ் காலத்தைப் பணம் கட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நிறுவனம் சொன்னால் உடனே சம்மதிக்க வேண்டாம்.

வருங்கால வைப்பு நிதியை எடுத்துவிடாமல், ஒரகடத்தில் சேர்ந்தால் அதே யூஏஎன் எண்ணுக்கு (வைப்பு நிதியில் உங்களுக்கான நிரந்தர எண்) மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு நிறைவதற்கு முன் எடுத்தால் வரி வரும். ஓய்வூதியப் பகுதிக்குப் பத்தாண்டு பணிக்காலம் தேவை என்பதால் இதுவரையிலான ஆண்டுகளும் கணக்கில் நிற்கவேண்டும். அரசுப் பணிக்குச் சென்றால், பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டரையும் அனுபவச் சான்றிதழையும் கடைசி நாளன்றே வாங்கிக்கொள்ளுங்கள். பின்னர் அனுப்புகிறோம் என்று சொன்னால், எந்தத் தேதிக்குள் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.